ஈரம் பார்க்கும் பெட்டி

அப்பாவுக்கு மண்ணின் ஈரம் பார்க்க ஒரே கருவிதான்: அவருடைய வலது கை. உடன்குடிப் பக்கம் எங்களுக்கு இருக்கும் ஒன்றரை ஏக்கர் முருங்கைத் தோட்டத்தில், விடிந்ததும் மம்பட்டியால் ஒரு சாண் ஆழம் கொத்துவார். அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்குவார். பிறகு விரல்களை மெல்ல விரிப்பார். உருண்டை அப்படியே நின்றால் தண்ணீர் வேண்டாம். கட்டைவிரலால் லேசாகத் தொட்டதும் வெடித்தால் இரண்டு நாள் பொறுக்கலாம். விரிக்கும்போதே விரலிடுக்கில் வழிந்துவிட்டால் அன்றைக்கே மோட்டார் போட வேண்டும். எழுபத்திரண்டு வயதில் இன்னும் அந்தக் கையை நம்பித்தான் விவசாயம் செய்கிறார்.

நான் பொன்னேரிப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. 475 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இதே வேலையைச் செய்து பார்க்க ஒரு சின்ன செயற்கைக்கோள் கிளம்பியதை அப்பாவோடு நின்று பார்த்தேன். 2024 ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை, காலை 9.17. செயற்கைக்கோளின் பெயர் இஓஎஸ்-08. அதைத் தூக்கிப் போனது எஸ்எஸ்எல்வி, இஸ்ரோவின் மிகச் சிறிய செயற்கைக்கோள் ஏவுகலம். ஆனால் இந்தக் கதையை அதற்கு இரண்டு வருடம் முன்னாலிருந்து தொடங்கினால்தான் சரியாக இருக்கும்.

2022 ஆகஸ்ட் 7 ஞாயிற்றுக்கிழமை. எஸ்எஸ்எல்வியின் முதல் பயணம். ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கும் அரங்கத்தில் எங்களுக்கு இடம் கிடைத்திருந்தது. மகள் அப்போது ஆறாம் வகுப்பு. விடியும் முன் காரில் கிளம்பி, சூலூர்பேட்டை தாண்டி, ஏரியை அறுத்துக்கொண்டு போகும் அந்த நீளமான சாலையில் போனோம். அன்று ராக்கெட்டில் இரண்டு பொருட்கள். ஒன்று 135 கிலோ எடையுள்ள இஓஎஸ்-02. இன்னொன்று எட்டு கிலோ எடையுள்ள ஆசாதிசாட். நாடு முழுவதும் 75 பள்ளிகளிலிருந்து 750 மாணவிகள் சேர்ந்து அதன் பாகங்களுக்கு நிரல் எழுதியிருந்தார்கள். மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். என் மகளுக்கு அந்த எட்டு கிலோவின் மேல்தான் கண்.

9.18க்கு ராக்கெட் கிளம்பியது. பிஎஸ்எல்வி கிளம்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது யோசித்து எழுவது போல இருக்கும். எஸ்எஸ்எல்வி அப்படி இல்லை, ஒரே துள்ளலில் கிளம்பிவிடுகிறது. 34 மீட்டர் உயரம், இரண்டு மீட்டர் விட்டம், 120 டன் எடை. அடுத்தடுத்து மூன்று அடுக்கு திட எரிபொருள். எல்லோரும் கைதட்டினோம். பக்கத்தில் ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் செய்தி வரத் தொடங்கியது. எல்லா அடுக்குகளும் சரியாக எரிந்தன, கடைசிக் கட்டத்தில் தரவு விட்டுப்போகிறது என்றார்கள். அப்புறம் மதியத்துக்கு மேல் முழு விவரமும் வெளியானது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப் பாதையில் விட்டிருக்க வேண்டிய செயற்கைக்கோள்களை, ஒரு பக்கம் 356, மறுபக்கம் 76 கிலோமீட்டர் என்று நசுங்கிய பாதையில் விட்டுவிட்டது ராக்கெட். 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறது. ஒரு சுற்றுக்குள்ளேயே காற்று பிடித்து இழுத்துவிடும். இரண்டும் பயன்படாமல் போயின.

"அந்த அக்காங்க எழுதினது என்ன ஆகும்மா?" என்று மகள் கேட்டாள். எரிந்துவிடும் என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்ல?

அந்தத் தோல்வியின் காரணத்தை இஸ்ரோ வெளியிட்டபோது வரி வரியாகப் படித்தேன். வகுப்பில் இன்றுவரை அதைத்தான் பாடமாக நடத்துகிறேன். இரண்டாம் அடுக்கு பிரியும்போது ஓர் அதிர்வு. மிகக் குறுகிய நேரம்தான். ராக்கெட்டின் வேக மாற்றத்தை அளக்க அதில் ஆறு முடுக்கமானிகள் இருந்தன. அந்த உதறலில் ஆறும் தங்கள் எல்லையை மீறிய அளவைக் காட்டின. எந்த உணரி பழுது, எது நல்லது என்று பிரித்துப் பார்க்க எழுதப்பட்டிருந்த கணினித் தர்க்கம், ஆறும் பழுது என்று முடிவு கட்டிவிட்டது. உண்மையில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. அதிர்வு அடங்கியதும் அவை சரியாகத்தான் அளந்துகொண்டிருந்தன. ஆனால் ஒருமுறை ஒதுக்கிய பிறகு யாரும் அவற்றைக் கேட்கவில்லை.

கணினி அப்போது மீட்பு முறைக்கு மாறியது. கண்ணைக் கட்டிக்கொண்டு பழகிய வழியில் நடப்பது மாதிரி, முன்பே எழுதி வைத்திருந்த கணக்கின்படி மீதித் தூரத்தை ஓட்டியது. கடைசியில் வேகத்தைத் திருத்திக் கொடுக்க வேண்டிய சின்ன திரவ எஞ்சினை அந்த முறையில் இயக்கவே இல்லை. நொடிக்கு 7.693 கிலோமீட்டர் வேகம் வேண்டும். கிடைத்தது 7.56. நூற்றுக்கு இரண்டுகூடக் குறையவில்லை. முதல்முறை கரும்பலகையில் இந்தக் கழித்தலைப் போட்டுக் காட்டியபோது, பின்வரிசையில் ஒரு பையன் "தொண்ணூத்தெட்டு மார்க் எடுத்தும் ஃபெயிலா மிஸ்?" என்றான். ஆமாம், சுற்றுப்பாதைக்கு அப்படித்தான்.

எனக்கு இதில் பிடித்தது அந்த அறிக்கையின் நேர்மை. எங்கே, எப்போது, எதனால், இனி என்ன செய்யப்போகிறோம் என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தார்கள். இரண்டாம் அடுக்கைப் பிரிக்கும் அமைப்பையே மாற்றி, உதறல் குறைவான வேறொன்றை வைத்தார்கள். உணரிகளைக் குற்றவாளி என்று தீர்மானிக்கும் முன் இன்னும் சற்று நேரம் கவனிக்க வேண்டும் என்று தர்க்கத்தைத் திருத்தினார்கள். மீட்பு முறையில், ஜிபிஎஸ் போல இடம் சொல்லும் நம் நாட்டு நாவிக் செயற்கைக்கோள்கள் தரும் இடத்தகவலைத் துணைக்கு எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று, இரண்டாவது எஸ்எஸ்எல்வி 156 கிலோ இஓஎஸ்-07ஐ 450 கிலோமீட்டர் பாதையில் சரியாகக் கொண்டுபோய் விட்டது. கூடவே ஆசாதிசாட்-2ம் போனது. அன்று பள்ளி நாள். ஆசிரியர் அறையில் செல்போனில் பார்த்தேன். சாயங்காலம் மகளிடம் சொன்னபோது அவள் ஒன்றும் சொல்லாமல் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள்.

சரி, 2024க்கு வருகிறேன். மூன்றாவது பயணத்தை முதலில் ஆகஸ்ட் 15 என்றுதான் அறிவித்தார்கள். விடுமுறை நாள், அப்பாவும் ஊரிலிருந்து வந்திருந்தார், எல்லாம் பொருந்தி வந்தது. பிறகு ஒரு நாள் தள்ளிப்போனது. நான் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். அரங்கத்தில் இடம் கிடைக்கவில்லை என்பதால் பழவேற்காட்டுக்குப் போனோம். ஏவுதளத்திலிருந்து நேர்க்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இருக்கிறது. ஆனாலும் கடற்கரையில் நின்றால் மறைக்க ஒன்றுமில்லை.

கரையில் படகுகள் வரிசையாக ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. ஒருவர் வலையை விரித்துப்போட்டு அறுந்த கண்ணிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அப்பா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னைக்குத் தொழில் இல்லையா?"

"ராக்கெட் வுடுற அன்னிக்கு கடலுக்குப் போவக் கூடாதுங்க ஐயா. மேலேர்ந்து துண்டு வுழும்ல."

"தேதி மாத்துனாவன்னா?"

"அன்னிக்கும் போவக் கூடாது."

அப்பா வேறொன்றும் கேட்கவில்லை. அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு அந்த வருடம் பிப்ரவரி 28ஆம் தேதிதான் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

9.17. வடக்கே, தண்ணீருக்கும் மேகத்துக்கும் நடுவில், யாரோ தீக்குச்சி கிழித்தது போல ஒரு புள்ளி. சத்தமே இல்லை. புள்ளி எழுந்தது, அதன் கீழே வெள்ளைப் புகை ஒரு கயிறு மாதிரி நீண்டது. கொஞ்சம் மேலே போனதும் வலப்பக்கம், கடலை நோக்கிச் சாய்ந்தது. மேகத்துக்குள் நுழைந்து வெளியே வந்து மறுபடி நுழைந்தது. அதற்குப் பிறகு புகை மட்டும்தான். சுற்றியிருந்தவர்கள் கலையத் தொடங்கினார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் ஆன பிறகுதான் அது வந்தது. தூரத்தில் இடி உருள்வது போல, காதைவிட நெஞ்சில் முதலில் தெரிகிற ஒரு அதிர்வு. எஸ்எஸ்எல்வியின் முதல் அடுக்கு ஒன்றரை நிமிடம்தான் எரியும். கிளம்பிய சத்தம் எங்களை வந்து தொடும்போது அந்த அடுக்கு எரிந்து முடிந்து கழன்றுகொண்டிருக்கும்.

இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. இஓஎஸ்-08 பிரிந்தது. அதன் பின் சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா செய்த எஸ்ஆர்-0 என்ற சிறு செயற்கைக்கோளும் பிரிந்தது. செல்போனில் கட்டுப்பாட்டு அறையின் கைதட்டலைக் கேட்டபோதுதான், இரண்டு வருடமாக அந்த இரண்டாம் அடுக்கு பிரியும் கணத்தை நினைத்து எவ்வளவு பயந்துகொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

"எம்மா, அது மேல போயி என்ன செய்யும்?" என்று அப்பா கேட்டார்.

இஓஎஸ்-08 எடை 175.5 கிலோ. நான்கு மூட்டை சிமென்ட் எடைகூட இல்லை. அதில் மூன்று கருவிகள். அகச்சிவப்பில் பகலும் இரவும் படம் எடுக்கும் கேமரா ஒன்று. காட்டுத்தீ, எரிமலை, ஆலை விபத்து போன்றவற்றின் வெப்பத்தைக் கண்டுபிடிக்க. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் கலத்தின் ஜன்னலில் புற ஊதாக் கதிர் எவ்வளவு விழும் என்று அளந்து பார்க்க இன்னொன்று. மூன்றாவதுதான் நான் அப்பாவிடம் சொல்ல ஆசைப்பட்டது.

நம் செல்போனுக்கு வழி சொல்லும் ஜிபிஎஸ், நாவிக் செயற்கைக்கோள்கள் ரேடியோ அலைகளை இடைவிடாமல் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்த அலை செல்போனில் மட்டும் விழுவதில்லை. வயலில், ஏரியில், கடலில், பாறையில் எல்லாம் விழுந்து தெறித்து மேலே திரும்புகிறது. வெகுகாலம் அது வீணாகப் போய்க்கொண்டிருந்தது. இஓஎஸ்-08இல் இருக்கும் மூன்றாவது கருவி அந்தத் தெறிப்பைக் கேட்கிறது. நேராக வரும் அலையையும் தரையில் பட்டு வரும் அலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறது. காய்ந்த மண் அலையைப் பலவீனமாகத் திருப்பும், ஈர மண் வலுவாகத் திருப்பும். தண்ணீர் மின்சார இயல்பில் காய்ந்த மண்ணிலிருந்து அவ்வளவு வேறுபட்டது. அலையில்லாத குளம் கண்ணாடி மாதிரி பளிச்சென்று திருப்பும். காற்றில் குமுறும் கடல் சிதறடிக்கும், அந்தச் சிதறலை வைத்துக் காற்றின் வேகத்தைச் சொல்லிவிடலாம். அலைநீளம் இருபது சென்டிமீட்டருக்குப் பக்கம் என்பதால் மேகம் தடையில்லை. வெள்ளம் வந்த நாளில் மேலே எப்போதும் மேகம்தான் இருக்கும், சாதாரணக் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. இதற்குத் தெரியும்.

இது முற்றிலும் புதிய யோசனை இல்லை. 2016 டிசம்பரில் நாசா எட்டுச் சிறிய செயற்கைக்கோள்களை ஒரே ராக்கெட்டில் அனுப்பி, வெப்பமண்டலப் புயல்களுக்குள் கடல் காற்றை இதே முறையில் அளந்தது. சின்ன செயற்கைக்கோளுக்கு இந்த முறை ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்றால், தானே அலை அனுப்ப வேண்டியதில்லை. ரேடார் வைத்தால் அதற்குப் பெரிய மின்சாரம், பெரிய ஆண்டெனா. இதற்குக் காது மட்டும் போதும்.

இதையெல்லாம் அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று தடுமாறித்தான் ஆரம்பித்தேன். பாதியிலேயே கையமர்த்தினார்.

"கெணத்துல கல்லுப் போட்டுப் பாக்க மாதிரின்னு சொல்லு."

எனக்கு மறந்தே போயிருந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, கோடையில் இருட்டிய பிறகு எங்கள் கிணற்றில் தண்ணீர் கிடக்கிறதா என்று எட்டிப் பார்க்க முடியாது. டார்ச் அடித்தாலும் அடி தெரியாது. அப்பா ஒரு சின்னக் கல்லை உள்ளே போட்டுவிட்டு, விளிம்பில் கையை ஊன்றித் தலையைச் சாய்த்துக் கேட்பார். தொபுக் என்றால் தண்ணீர். சொத் என்றால் சேறு. டக் என்று பாறைச் சத்தம் வந்தால் எழுந்து பேசாமல் வீட்டுக்கு நடப்பார். அந்த நாட்களில் அம்மாவும் எதுவும் கேட்க மாட்டார்.

ஆமாம், அதேதான். ஒரே வித்தியாசம், இங்கே கல்லை வேறொருவர் ஏற்கெனவே போட்டுக்கொண்டே இருக்கிறார். இது கேட்க மட்டும் செய்கிறது.

அந்தச் செயற்கைக்கோளின் பாதையில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் எண் உண்டு: 37.4 பாகை. பூமத்திய ரேகைக்கு அவ்வளவு சாய்வாக அது சுற்றுகிறது. அதாவது வடக்கே 37.4 பாகைக்கு மேலேயும், தெற்கே அதற்குக் கீழேயும் அது போகவே போகாது. இந்தியாவின் வட எல்லை ஏறத்தாழ 37 பாகை. இமயமலைப் பனிக்கு மேல்வரை போய்த் திரும்பி, குமரிக்கும் தெற்கே இறங்கிப் போகிறது. 94 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று கணக்குப் போட்டேன், ஒரு நாளைக்குப் பதினைந்து. அப்பாவிடம் சொன்னபோது "நம்ம தோட்டத்துக்கு மேலயுமா?" என்றார். நம் தோட்டத்துக்கு மேலேயும்தான். நேர் உச்சியில் எப்போது என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பக்கம் போகும்.

உள்ளே இருக்கும் வேலைப்பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். தகவல் தொடர்பு, தரவு சேமிப்பு, இடம் அறிதல் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெட்டி வைக்காமல் ஒரே பொட்டலமாகக் கட்டியிருக்கிறார்கள். செயற்கைக்கோளின் சுவர்ப் பலகைக்குள்ளேயே மின்சுற்றுப் பலகையைப் பதித்திருக்கிறார்கள். பேட்டரியையும் அப்படியே. அடக்கமான வீட்டில் சுவரிலேயே அலமாரி வைத்துக் கட்டுவது போல. 1979 ஜூனில் சோவியத் ராக்கெட்டில் போன நம் முதல் புவி கண்காணிப்புச் செயற்கைக்கோள் பாஸ்கரா-1 ஏறத்தாழ 440 கிலோ இருந்தது. இன்றைக்கு அதில் பாதிக்கும் குறைவான எடையில் அதைவிட எவ்வளவோ அதிகம் அடங்கிவிடுகிறது.

குலசைக்கு, அதாவது குலசேகரன்பட்டினத்துக்கு, வருகிறேன். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஓஎஸ்-08 போல தென்கிழக்காகப் போகும் பயணத்துக்குத் தடை இல்லை, வங்காள விரிகுடா விரிந்து கிடக்கிறது. வட, தென் துருவங்களுக்கு மேலே சுற்றும் துருவப் பாதைக்குத்தான் சிக்கல். நேர் தெற்கே விட்டால் வழியில் இலங்கை. எனவே ராக்கெட் கிழக்கே போய், இலங்கையைச் சுற்றி வளைந்து, பிறகு தெற்கே திரும்ப வேண்டும். அந்த வளைவுக்கு எரிபொருள் போகிறது. பெரிய ராக்கெட் அந்தச் செலவைத் தாங்கும். 120 டன் எஸ்எஸ்எல்விக்கு அது கட்டுப்படியாகாது. குலசேகரன்பட்டினத்தில் நின்றால் தெற்கே கடல், கடலுக்குப் பின்னும் கடல். அதனால்தான் மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சிப் பக்கம் இரண்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் எடுத்தார்கள். அடிக்கல் நாட்டிய அன்று சின்ன ரோகிணி ராக்கெட் ஒன்றையும் அங்கிருந்து விட்டார்கள். தசராவுக்கு வேஷம் கட்டி வரும் கூட்டத்தைத் தவிர வேறெதற்கும் பேர் சொல்லாத ஊர், இனி இதற்கும் சொல்லும். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் பனையும் தேரி எனும் செம்மணலுமாக இருந்த அந்த இடத்தில் பனையேறிப் பிழைத்தவர்களுக்கும், மணப்பாட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர்களுக்கும், பழவேற்காட்டில் வலை பொத்திக்கொண்டிருந்தவர் சொன்ன அந்தப் பதில்தான் இனி அன்றாடமாக இருக்கும். ஏவும் தேதியைத் தள்ளிவைக்கும் ஒவ்வொரு முறையும் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகிறது. அதற்கு ஒரு நிரந்தர ஈட்டுத்தொகையை முதல் ராக்கெட் கிளம்பும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். ஓர் அதிர்வின் சில கணங்களைக் கண்டுபிடித்துத் திருத்தியவர்களுக்கு இது முடியாத காரியமில்லை.

ஐப்பசியில் அப்பா போன் செய்தார். மழை தாமதம் என்றார். அப்புறம், "அந்தப் பெட்டி வேல செய்யுதா?" என்றார்.

செய்கிறது என்றேன். அந்தக் காதைத் திறந்த முதல் சில நாட்களில் அமேசான் காட்டில் வெள்ளம் தேங்கிய இடங்களையும், பசிபிக் கடலின் காற்றையும், சகாரா பாலைவனத்தின் மண் ஈரத்தையும் அளந்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"பாலைவனத்துல ஈரமா?"

"ஆமாப்பா. மொதல்ல அங்கயும் பாத்திருக்காங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. போனில் காற்று இரைந்தது. தோட்டத்தில்தான் நிற்கிறார் போல.

"சரியாத்தான் செஞ்சிருக்காவ. வெறுந்தராசக் காட்டிட்டுத்தான சரக்கப் போடணும்" என்றார். பிறகு, வரப்பில் யாரையோ மோட்டாரைப் போடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனை வைத்துவிட்டார்.